குறைந்த செலவில் சிறிய கைத்துப்பாக்கி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உரிமம் கைக்கு வந்தவுடன் பலரும் துப்பாக்கியின் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். என் கருத்தில் கணக்கு வேறு முனையிலிருந்து தொடங்க வேண்டும். கையில் உள்ள மொத்தத் தொகையிலிருந்து ஒரு நல்ல பூட்டுப்பெட்டி, விசையை முழுவதும் மூடும் உறுதியான உறை, குறைந்தது சில நூறு பயிற்சித் தோட்டாக்கள், ஒரு பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்கானதை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய தொகைக்குள்தான் துப்பாக்கியைத் தேட வேண்டும். விலையுயர்ந்த துப்பாக்கியை வாங்கிவிட்டுத் தோட்டா வாங்கப் பணமின்றிப் பயிற்சியைக் கைவிடுபவரைவிட, எளிய துப்பாக்கியோடு மாதந்தோறும் பயிற்சி செய்பவரே பாதுகாப்பாகவும் துல்லியமாகவும் சுடுவார்.

எந்த அளவுத் தோட்டாவை வைத்திருக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் அதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். சட்டம் இடம் தருமானால், சிக்கனம் கருதுபவருக்கு 9×19 மில்லிமீட்டர் தோட்டாவே (குண்டின் குறுக்களவு 9, மருந்து அடங்கிய கூட்டின் நீளம் 19) பொருத்தமானது. 1902 முதல் புழக்கத்தில் உள்ள இத்தோட்டாவைப் பல நாடுகளின் காவல்துறைகளும் படைகளும் பயன்படுத்துவதால் அது பேரளவில் தயாரிக்கப்படுகிறது. விலையும் அதற்கேற்பக் குறைவாக இருக்கிறது. 1908-இல் வந்த 9×17 என்னும் குட்டைத் தோட்டா வலு குறைந்ததாக இருந்தும், ஒரு தோட்டாவுக்கான விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அதைச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் குழலும் ஸ்லைடும் (குழலின் மேல் முன்பின்னாக நகரும் மேற்பகுதி) ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விறைப்புமே வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. ஆகவே தோட்டா மென்மையானதாக இருந்தும் ஸ்லைடைப் பின்னிழுக்கக் கடினமாக இருக்கும், கையில் உதையும் எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக விழும்.

துப்பாக்கி சிறிதாக இருந்தால் கையாள்வது எளிது என்ற எண்ணம்தான் புதியவர்களை அதிகம் தவறவிடுகிறது. ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் சுடும்போது பின்னுதைப்பு கூடும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிராது. குழல் நீளம் குறையும்போது, குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரமும் குறைவதால், குறிபார்ப்பதில் நேரும் சிறு பிழைகூட இலக்கில் பெரிதாகத் தெரியும். 1988-இல் வெளிவந்த கிளாக் 19, ஏறத்தாழ 102 மில்லிமீட்டர் குழலும் 15 தோட்டாக் கொள்ளளவும் கொண்டது. கடைகளில் சொல்லப்படும் காம்பாக்ட், அதாவது அடக்கமான அளவு, என்ற சொல்லுக்கு இன்றும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். 2018-இல் வந்த சிக் பி365 அதைவிட வெகுசிறிய உடலில் 10 தோட்டாக்களை அடக்கியது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் ஒரே ஒரு துப்பாக்கி வாங்கப்போகும் புதியவருக்கு, மறைவாக எடுத்துச் செல்வது கட்டாயமில்லை என்றால், கிளாக் 19-இன் அளவையே பரிந்துரைப்பேன்.

ரிவால்வர் எளிமையானது, மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப்பெட்டி) கோளாறு என்பதே அதற்கில்லை. ஆனால் சிறிய ரிவால்வர்களில் வழக்கமாக 5 தோட்டாக்களே அடங்கும்; பின்புறமுள்ள சுத்தியலை முன்னதாகப் பின்னிழுக்காமல் சுட்டால் விசையை நீளமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டியிருக்கும்.

பணத்தை மிச்சப்படுத்த நேர்மையான வழி, பெயர் பெற்ற தயாரிப்பைப் பயன்படுத்திய நிலையில் வாங்குவது. காவல்துறையினர் புதியவற்றுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்ட பழைய துப்பாக்கிகள், உறையில் உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருந்தாலும், பெரும்பாலும் அதிகம் சுடப்பட்டிருக்காது. அந்தத் தேய்மானத்துக்காக விலை குறைவது வாங்குபவருக்கு ஆதாயம். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு துப்பாக்கியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கையில் உள்ளே கருவளையம் போல ஏதும் தெரிந்தால் குழல் எங்கோ புடைத்திருக்கிறது என்று பொருள். அதை வாங்க வேண்டாம். ஸ்லைடிலோ சட்டகத்திலோ மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் வேண்டாம். சுருள்வில் தளர்ந்திருப்பது குறையாகாது, சிறு செலவில் மாற்றிவிடலாம். உதிரி மேகசின்கள் எளிதில் கிடைக்காத துப்பாக்கி வகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கடைசியில் செலவு வைத்துவிடும்.

இயன்றால் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டாக்களாவது சுட்டுப் பாருங்கள். பிடியை நகர்த்தாமலேயே சுட்டுவிரலின் முன்பகுதி விசையை எட்டுகிறதா, ஸ்லைடைத் தடுமாறாமல் பின்னிழுக்க முடிகிறதா, ஐம்பதாவது தோட்டாவுக்குப் பின்னும் கை சோராமல் இருக்கிறதா என்பதைக் கடை மேசையில் அறிய முடியாது. வாங்கிய பின் முதல் இருநூறு தோட்டாக்களுக்குள் அடிக்கடி சிக்கினால், அதைத் தகுதியுள்ள துப்பாக்கிப் பழுதுநரிடம் காட்டும்வரை தற்காப்புக்கு நம்பக்கூடாது. குழந்தைகள் வந்துபோகும் வீடானால், பூட்டுப்பெட்டி வந்து சேர்ந்த பிறகே துப்பாக்கி வீட்டுக்குள் வரட்டும்.