28 மி.மீ. போர்வீரன் பொம்மைக்கு வண்ணம் பூசுவது

பிளாஸ்டிக் பொம்மையின் ஓரங்களில் ஓடும் வார்ப்புக் கோடுகளை முதலில் கத்தியின் முதுகால் சுரண்டிவிடுங்கள். விட்டுவைத்தால், வண்ணம் ஏறியபின் இன்னும் துலக்கமாகத் தெரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள்.

பிரைமர் (வண்ணம் ஒட்டிப் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) ஸ்பிரேயை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு அடியுங்கள். தூரம் கூடினால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, பரப்பு மணல்போல் சொரசொரக்கும். மழைநாளில் அடிக்கவே வேண்டாம்.

அக்ரிலிக் வண்ணம் 2 பங்குக்குத் தண்ணீர் 1 பங்கு என்று தொடங்கி, பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கெட்டியாக ஒரே பூச்சாகப் பூசினால் முகத்தின் நுணுக்கமெல்லாம் மூடிப்போகும்; மெல்லிய இரண்டு பூச்சுதான் அழகு. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், கலங்காதீர்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் கீழ்ப்பூச்சு பிரஷோடு உரிந்து வரும்.

நிழலுக்கான வாஷ், அதாவது தண்ணீர்போல் நீர்த்த அடர்நிற வண்ணம், மடிப்புகளில் இறங்கட்டும். தட்டையான இடத்தில் தேங்கினால் ஈரப் பிரஷால் உடனே உறிஞ்சி எடுங்கள். காய்ந்தால் கறை வளையம் நின்றுவிடும்.