மழைத்துளியைப் போனில் எடுக்க: கிட்டே போகாதீர்கள்

சேம்பு இலையில் உருளும் மழைத்துளி, ஈரச் சுவரில் ஊரும் மரவட்டை, கட்டையில் முளைத்த காளான்... ஐப்பசி மழையில் நடக்கும்போது இவற்றை எடுக்க ஆசைப்பட்டால், போனை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

பல போன்களின் மெயின் கேமராவால் சுமார் 10 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில் ஃபோகஸ் செய்ய முடியாது. கிட்டே போனால் சில போன்கள் தானாகவே அல்ட்ராவைடு கேமராவுக்கு (அகலமான காட்சியை எடுக்கும் கேமரா) மாறிவிடும். படத்தின் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். தள்ளி நின்றால் போனின் நிழலும் துளிமேல் விழாது. திரையில் துளியைத் தொட்டு அழுத்தி ஃபோகஸைப் பூட்டி, படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால், அதன் பளபளப்பு வெளுத்துப் போகாது. கொடிக்கம்பியில் தொங்கும் துளி என்றால் இன்னும் அழகு: பின்னால் இருக்கும் மரம் அதற்குள் தலைகீழாகத் தெரியும்!

பொழுது சாய்ந்த பிறகு இது சரிவராது, ஜூமில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். பல போன்களின் 5 மடங்கு ஜூம் லென்ஸ்களுக்கும் ஒரு சாண் தூரம் போதாது, இன்னும் தள்ளிப் போக வேண்டும். காற்றில் இலை ஆடினால் காத்திருப்பதுதான் வழி.