பரணில் கிடக்கும் ஃபிலிம் கேமராவில் முதல் ரோல் எடுப்பது எப்படி?

ஐம்பது வருடப் பழைய கேமரா ஓடித் தேய்ந்து கெடுவது அபூர்வம். பெரும்பாலும் பீரோவுக்குள் சும்மா கிடந்தே கெடுகிறது. ஷட்டர் பற்சக்கரங்களில் இருக்கும் கிரீஸ் இறுகிவிடும், வெளிச்சம் புகாமல் ஒட்டிய நுரைப்பட்டை தார் மாதிரி உருகும், தோல் உறைக்குள் ஈரம் தங்கி லென்ஸில் பூஞ்சை படரும். அதனால் சேகரிக்கத் தொடங்கும்போது எத்தனை கேமரா வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மாதம் ஒருமுறை எத்தனை கேமராவை உங்களால் கையில் எடுக்க முடியும் என்று பாருங்கள். முதல் வருடத்துக்கு ஒன்று போதும்.

இங்கே எடுத்துக்காட்டு பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரிப்பில் இருந்த கேமரா என்பதால் இன்றும் கிடைக்கிறது. இதன் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் இயங்குகிறது. உள்ளே இருக்கும் ஒரே ஒரு பட்டன் செல் ஒளிமானிக்கு மட்டும்தான். செல் செத்தாலும் படம் எடுக்கலாம். நிக்கான் எஃப்எம், யாஷிகா எஃப்எக்ஸ்-3 இரண்டும் இதே ரகம். கேனான் ஏஇ-1 நல்ல கேமராதான், ஆனால் அதன் ஷட்டர் எலக்ட்ரானிக். பேட்டரி இல்லாவிட்டால் அசையாது, உள்ளே சர்க்யூட் போனால் பழுது பார்ப்பவர் கிடைப்பதும் கஷ்டம். முதல் கேமராவாக அது வேண்டாம்.

வீட்டிலேயே ஆக்ஃபா கிளிக் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். அது 120 ரோல் போடும் கேமரா; அந்த ரோல் இன்னமும் புதிதாகத் தயாராகிறது. அதே பெட்டியில் ‘இந்து’ (INDU) என்று அச்சடித்த ரோல் இருந்தால், அது ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. அத்தனை வருடம் பரண் வெயிலில் வெந்த ஃபிலிமில் படம் விழும் என்று நம்ப வேண்டாம். அலமாரியில் வையுங்கள், அழகாக இருக்கும்.

படி 1: வாங்கும் இடத்தில் பத்து நிமிடம்

கொண்டுபோக வேண்டியவை: சின்ன டார்ச், புது எல்ஆர்44 பட்டன் செல் ஒன்று, ஒரு ரூபாய் நாணயம், மொபைல்.

முதலில் ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு முன்னே திறந்து மூடும் இரண்டு திரைகள். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, கேமராவை வெளிச்சமான சுவரைப் பார்த்துப் பிடியுங்கள். 1 விநாடியிலிருந்து 1/1000 வரை ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு முறை அடியுங்கள். 1 விநாடி, 1/2, 1/4 ஆகியவற்றில் உள்ளே ‘கிர்ர்’ என்று ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். சத்தம் திக்கினாலோ, திரை பாதியில் நின்றாலோ மெதுவேகப் பற்சக்கரத்தில் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சர்வீஸ் செய்தால் சரியாகும். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். 1/1000-இல் பின்பக்கமிருந்து பார்க்கும்போது செவ்வகம் முழுவதும் ஒரே பிரகாசமாக மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டிருந்தால் இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது. எடுக்கும் படத்திலும் அந்த ஓரம் கறுப்பாகவே வரும்.

கண்ணை நம்ப முடியவில்லையென்றால் மொபைலில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் பதிவு செய்யுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் ஃபிரேம்களை எண்ணினால் 1/8-க்குச் சுமார் 30, 1/30-க்குச் சுமார் 8 வர வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கு இந்த முறை உதவாது.

கே1000-இன் திரை ரப்பர் பூசிய துணி. டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் பார்த்தால் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் நட்சத்திரம் போலத் தெரியும். துணியிலோ, அதற்கு முன்னே சாய்ந்திருக்கும் கண்ணாடியிலோ விரல் படக் கூடாது.

அடுத்து லென்ஸ். அபெர்ச்சரை (லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் துளை) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நாலைந்து தூசி இருப்பதில் தவறில்லை. சிலந்தி வலை போலக் கிளை கிளையாக இருந்தால் பூஞ்சை. அது கண்ணாடி மேலிருக்கும் பூச்சை அரித்துவிடும். துடைத்த பிறகும் தழும்பு நிற்கும். பனி படர்ந்த மாதிரி சீரான மங்கல் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் எல்லாம் வெளிறிப் போகும். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் அவை மெதுவாக மூடும், படம் அதிக வெளிச்சமாக விழும்.

கடைசியாக, அடிப்பக்கத்து மூடியை நாணயத்தால் திருகித் திறந்து செல் வைக்கும் குழியைப் பாருங்கள். பச்சைக் களிம்பு லேசாக இருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம். மூடியே இறுகித் திறக்காவிட்டால், உள்ளே ஒயர் வரைக்கும் அரித்திருக்க வாய்ப்பு உண்டு. புது செல் போட்டதும் வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் முள் அசைய வேண்டும். ஒரே சுவரை மொபைல் ஒளிமானி ஆப்பாலும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) வித்தியாசம் என்றால் சமாளிக்கலாம்.

செல்ஃப் டைமர் இருக்கும் கேமராவில் அதை மட்டும் சோதிக்க வேண்டாம். பல வருடம் ஓடாத டைமர் பாதியில் நின்று ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

படி 2: நுரைப்பட்டை மாற்றுதல்

எழுபது, எண்பதுகளில் வந்த ஜப்பான் கேமராக்களில் கதவுக் காடியில் நுரைப்பட்டை இருக்கும். காடியை டூத்பிக்கால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் வெளிச்சம் கசிவது ஒருபுறம். அந்தப் பிசின் உதிர்ந்து திரையில் விழுந்தால் ஷட்டரே ஒட்டிக்கொள்ளும்.

தேவை: 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால், மூங்கில் டூத்பிக், பஞ்சுக்குச்சி, 1.5 மி.மீ. கறுப்பு நுரைத்தாள், தடித்த கறுப்பு உல்லன் நூல். ஷட்டர் திரையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலைச் சொட்டாக ஊற்றாமல், குச்சியை நனைத்துப் பிழிந்துவிட்டுத் தடவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சுரண்டுங்கள். மேல், கீழ்க் காடிகளில் நூலை அழுத்தி வைத்தால் போதும், பசைகூட வேண்டாம். கீல் பக்கத்தில் மட்டும் நுரைத்தாளை அளந்து வெட்டி ஒட்டுங்கள். தடிமன் கூடிவிட்டால் கதவு மூடாது, அப்போது அமுக்கி மூடாதீர்கள்.

உள்ளே கண்ணாடி மேலே போய் மோதும் இடத்திலும் ஒரு பட்டை உண்டு. அதற்கு மேலே இருக்கும் ஃபோகஸ் திரை பிளாஸ்டிக். ஒரு துளி ஆல்கஹால் பட்டாலும் நிரந்தரக் கறை. கை பழகும் வரை அந்தப் பட்டையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

படி 3: ரோல் மாட்டுதல்

புதியவர்கள் 36 படத்தையும் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

நிழலில் நின்று ரீவைண்ட் குமிழை மேலே இழுத்தால் கதவு திறக்கும். கேசட்டை இடதுபக்கக் குழியில் வைத்துக் குமிழைக் கீழே அழுத்துங்கள். ஃபிலிம் நாக்கை வலதுபக்க உருளையின் பிளவில் செருகி, ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெல்லத் தள்ளுங்கள். மேலும் கீழும் இரண்டு வரிசை ஓட்டைகளும் பற்களில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூட வேண்டும். மூடியதும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறித் திசையில் லேசாகச் சுற்றித் தொய்வை எடுங்கள். பிறகு லீவரைத் தள்ளும் ஒவ்வொரு தடவையும் இடதுபக்கக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் உள்ளே ஃபிலிம் நகரவில்லை. எண்காட்டி 1, 2, 3 என்று ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஷட்டர் வேகத் திருகியின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் திறன்) வையுங்கள். கே1000-இல் ஒளிமானிக்கு ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் செல் தீராமல் இருக்கும்.

படி 4: வெளிச்சம் கணக்கிடுதல்

முள் நடுவில் நிற்குமாறு வேகத்தையும் அபெர்ச்சரையும் மாற்றுவது ஒரு வழி. ஒளிமானி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: நல்ல வெயிலில் அபெர்ச்சர் எஃப்16 (எண் கூடினால் துளை சின்னது), வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில். 400 ஃபிலிம் என்றால் எஃப்16, 1/500. மேகம் மூடினால் அதே வேகத்தில் எஃப்8. திறந்தவெளி நிழலில் எஃப்5.6. இரவில் வீட்டு விளக்கில் எஃப்2, 1/30 என்று தொடங்குங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

சந்தேகமென்றால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும்; குறைந்தால் நிழல் பகுதி சேறாகிவிடும். வெள்ளைச் சுவருக்கு முன் நிற்பவரை எடுக்கும்போது முள் சுவரைத்தான் அளக்கும், முகம் கறுத்துவிடும். அருகில் போய் முகத்தை அளந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

படி 5: முதல் ரோல் சோதனைக்கு

முதல் ரோலில் கல்யாணம் எடுக்க வேண்டாம். 400 ஐஎஸ்ஓ கலர் நெகட்டிவ் ஒன்று வாங்கி, கேமராவை ஸ்டூலில் வைத்து, நிழலில் இருக்கும் வெறும் சுவர் ஒன்றை இந்த ஆறு அளவிலும் எடுங்கள்: 1/1000 எஃப்4; 1/500 எஃப்5.6, 1/250 எஃப்8, 1/125 எஃப்11, 1/60 எஃப்16, 1/30 எஃப்22. ஆறிலும் விழும் வெளிச்சம் ஒன்றே, ஆகவே ஆறு நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். எது மாறுகிறதோ அந்த வேகத்தில் கோளாறு.

அடுத்து ஒரு செய்தித்தாளை ஒரு மீட்டர் தூரத்தில் சாய்வாக விரித்து, ஒரு வரியில் ஃபோகஸ் வைத்து எஃப்2-இல் எடுங்கள். சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் தூரத்து டவரை இதேபோல் எஃப்2-இல், முடிவிலியில். எடுத்த அளவுகளை எல்லாம் நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். மிச்சப் படங்கள் உங்கள் இஷ்டம்.

லீவர் நகராமல் நின்றால் ரோல் முடிந்தது. இன்னும் ஒன்று கிடைக்குமா என்று அழுத்தினால் ஃபிலிம் ஓட்டைகள் கிழியும், அல்லது கேசட்டிலிருந்தே பிய்த்துக்கொண்டு வரும். அடித்தட்டிலுள்ள பொத்தானை அழுத்திவிட்டு, ரீவைண்ட் கைப்பிடியை விரித்துச் சுற்றுங்கள். இறுக்கம் சட்டென்று விட்டுப்போகும் வரை கதவைத் திறக்காதீர்கள்.

படி 6: கழுவக் கொடுத்தல்

கலர் ரோல் கழுவும் லேபில் சாதாரணக் கறுப்பு வெள்ளை ரோலைத் தெரியாமல் கொடுத்தால் படம் முழுவதும் போய்விடும். கலர் முறையில் வரும் பிளீச் கறுப்பு வெள்ளைப் படமாக நிற்கும் வெள்ளியையே கரைத்து எடுத்துவிடும், மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மட்டும் கலர் முறையிலேயே கழுவும் கறுப்பு வெள்ளை ஃபிலிம். பெரிய சினிமா ரோலிலிருந்து வெட்டிக் கேசட்டில் சுற்றி மலிவாக விற்கும் ஃபிலிமில் பின்புறம் கரிப்பூச்சு இருக்கலாம். அது லேபின் மெஷினையே நாசம் செய்யும். எந்த ஃபிலிம் என்று சொல்லிக் கொடுப்பது மரியாதை.

ஸ்கேன் மட்டும் போதும் என்று சொல்லாமல் நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தானாகச் சரிசெய்து தருவதால் ஷட்டர் கோளாறு அதில் மறைந்துவிடும். நெகட்டிவை வெள்ளைத் திரைக்கு முன் பிடித்தால் இவை தெரியும்:

- ஓர எண்கள் தெளிவு, படம் இல்லை: ரோல் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எண்களே இல்லையென்றால் தவறு கழுவியதில்.
- ஓட்டைகளின் பக்கமிருந்து படத்துக்குள் பரவும் கறுப்புத் தீற்றல் (பிரிண்டில் ஆரஞ்சு நிறம்): நுரைப்பட்டை.
- எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி: திரையில் ஓட்டை.
- படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால்: லீவரின் பற்சக்கரம். இது மெக்கானிக் வேலை.

எதுவானாலும் தையல் மெஷின் எண்ணெயை உள்ளே விடாதீர்கள். இன்று ஓடும், அடுத்த மாதம் எண்ணெய் பரவித் தூசியைச் சேர்த்துக்கொண்டு மொத்தமாக நிற்கும்.

படி 7: வைப்பது

தோல் உறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள், உறை தனியாக இருக்கட்டும். காற்று புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி, மூன்றும் போதும். முள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், கடலோர ஊர்களில் அது தினசரி நிலவரம். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள். அதில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் வாணலியில் வறுக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த லென்ஸுக்குத் தனி டப்பா.

வைக்கும்போது ஷட்டரை இழுத்த நிலையில் விடாமல் அடித்துவிட்டு வையுங்கள், ஸ்பிரிங்குக்கு ஓய்வு. ஒரு மாதத்துக்கு மேல் தொடப் போவதில்லையென்றால் செல்லைக் கழற்றுங்கள்.

இரண்டாவது கேமரா

ஒரு வருடம் பத்து ரோல் ஓடிய பிறகு யோசிக்கலாம். சோவியத் காலத்து ஜோர்க்கி, ஃபெட் கேமராக்கள் வாங்கினால் ஒரு விதி: முதலில் ஷட்டரை இழுத்துவிட்டுத்தான் வேகத்தை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பல் உடையலாம். ‘லைக்கா’ என்று பொறித்து, தங்க முலாம் பூசி, மலிவாக வருபவை பெரும்பாலும் இந்த சோவியத் கேமராக்களே. லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் அமைப்பு) நெம்புகோலின் முனையில் உருளும் சக்கரம் இருந்தால் லைக்கா, ஆப்பு மாதிரி தட்டையாக இருந்தால் சோவியத். பழைய பாதரச செல் கேட்கும் கேமராக்களுக்கு அந்த 1.35 வோல்ட் செல் இன்று கடைகளில் இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட், ஒரு வளையம் வைத்து அதைப் போடலாம். ஸ்டிக்கரைக் கிழித்த நாளிலிருந்து சில வாரங்களில் அது காய்ந்துவிடும்.

ஒவ்வொரு கேமராவுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: சீரியல் எண், வாங்கிய தேதி, நுரை மாற்றிய தேதி, சோதனை ரோலில் எந்த வேகம் தவறியது. அதன் கீழே மாதத்துக்கு ஒரு வரி. ஒன்றாம் தேதி எல்லா வேகத்திலும் இரண்டு முறை அடித்து, ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றிவிட்டுத் தேதி போடுங்கள். மூன்று மாதம் தேதி விழாத பக்கத்திலுள்ள கேமராவை, படம் எடுக்கும் வேறு யாருக்காவது விற்றுவிடுங்கள்.