தம்புரா அறுபடாமல் எம்பி3 கேட்க

ராகம் தானம் பல்லவி சிடியை எம்பி3 ஆக்கினால், டிராக் மாறும் இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுபடும். சிடி மேல் பழி போடாதீர்கள். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவெடுப்பு) கொண்ட துண்டுகளாகத்தான் அடைக்கும். கடைசித் துண்டின் மிச்சத்தில் மௌனம் நிரம்பும். தொடக்கத்திலும் என்கோடர், அதாவது எம்பி3 ஆக்கும் மென்பொருள், கொஞ்சம் மௌனம் சேர்க்கும்; லேம் என்ற என்கோடர் என்றால் வழக்கமாக 576 சாம்பிள். எவ்வளவு வெட்டவேண்டும் என்று லேம் கோப்பிலேயே குறித்துவைக்கிறது. அதைப் படிக்காத பிளேயர்தான் விக்குகிறது.

சரி, அறுபடும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு டிராக்கையும் ஃபூபார்2000 என்ற கணினி பிளேயரில் அடுத்தடுத்து ஓட்டுங்கள். ஒட்டி ஓடினால் உங்கள் பிளேயரில் கேப்லெஸ் (இடைவெளி இல்லாமல் ஓட்டும்) வசதியைத் தேடி இயக்குங்கள். ஒரு டிராக் தேயத் தேய அடுத்ததைக் கலக்கும் கிராஸ்ஃபேட் மட்டும் வேண்டாம், அது பாட்டையே குழப்பும். அங்கேயும் அறுந்தால் கோப்பில் குறிப்பு இல்லை; சிடியிலிருந்து லேமில் மறுபடி எடுங்கள். கார் ஸ்டீரியோ எதற்கும் மசியாவிட்டால், ராகம், தானம், பல்லவி மூன்றையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுவேன் நான்.