கனமான கம்பி போட்டதும் சுருதி நிற்கவில்லை: என் அனுபவம்

எலக்ட்ரிக் கிட்டாரில் 9-42 கம்பிகளைக் கழற்றி, அதைவிடத் தடித்த 11-49 போட்டேன் (செட்டில் மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக). அதிலிருந்து ஜி கம்பியை முறுக்கினால் சுருதி ஏறாது. திடீரென்று 'டிங்' என்று எகிறிவிடும். டியூனிங் கீக்களை இறுக்கினேன், பயனில்லை. நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள சிறு பட்டை) பென்சில் தூள் தடவினால் அன்றைக்கு மட்டும் சரி.

துப்பு கொடுத்தது, முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் முதலாவது) பிடிக்கும் எஃப் கார்டுதான். முதல் ஃபிரெட்டில் சுருதி கூடியது, பன்னிரண்டாவதில் சரியாக இருந்தது. அதாவது, மெல்லிய கம்பிக்கு வெட்டிய நட்டின் பள்ளத்தில் தடித்த கம்பி இறங்காமல் மேலேயே தொற்றி நின்றது.

பழைய கம்பித் துண்டில் 600 கிரிட் உப்புத்தாளைச் சுற்றி, பள்ளத்தின் பக்கச் சுவர்களை மட்டும் தேய்த்தேன். அடியைத் தொடவில்லை, ஆழம் கூடினால் அழுத்தாத கம்பி முதல் ஃபிரெட்டில் பட்டு இரையும். இப்போது பெண்ட் செய்தாலும் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி வாசித்தாலும்) ஜி சுருதி நகர்வதில்லை. அப்புறம் ட்ரஸ் ராடையும் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) கொஞ்சம் இறுக்கினேன், கனமான கம்பிகள் கழுத்தை முன்னே இழுத்திருந்தன.