மும்பை அடுக்ககத்தில் காரடையான் நோன்பு: முதன்முறையாக நோற்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் நோற்கப்படும் காரடையான் நோன்பு, பெரும்பாலும் மார்ச் 14 அல்லது 15ஆம் தேதியில் வரும். மற்றப் பண்டிகைகளுக்கு ஒரு நாள் முழுவதும் நம் கையில் இருக்கிறது. இந்த நோன்புக்கோ ஒரு நேரம்தான் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் அடை வெந்து, இலை போட்டு, நோன்பின் மஞ்சள் சரடு கழுத்தில் ஏறியிருக்க வேண்டும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ டோம்பிவிலியிலோ, அம்மாவும் மாமியாரும் ஊரில் இருக்க, தொலைபேசியை ஒரு கையிலும் கரண்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு முதன்முறையாக நோற்கப் போகும் பெண்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நோன்பின் பின்னணி

இதைச் சாவித்திரி நோன்பு என்றும் காமாட்சி நோன்பு என்றும் சொல்வதுண்டு. மகாபாரதத்தின் வன பர்வத்தில், மார்க்கண்டேய முனிவர் தருமருக்குச் சொல்லும் கதை சாவித்திரியினுடையது. மத்திர நாட்டு மன்னன் அசுவபதியின் மகளான அவள், நாட்டையும் பார்வையையும் இழந்து காட்டில் வாழ்ந்த துயுமத்சேனரின் மகன் சத்தியவானைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். அவனுக்கு இன்னும் ஓராண்டுதான் ஆயுள் என்று நாரதர் எச்சரித்த பிறகும் அவள் மனம் மாறவில்லை. குறித்த நாள் நெருங்கியபோது மூன்று இரவுகள் உண்ணாமல் விரதம் இருக்கிறாள். நான்காம் நாள் கணவனோடு காட்டுக்குச் செல்கிறாள். உயிரைக் கவர்ந்து போகும் யமனின் பின்னாலேயே நடக்கிறாள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவளுடைய கண்ணீர் அன்று, அவளுடைய பேச்சு. யமன் ஒவ்வொரு முறையும் "சத்தியவானின் உயிரைத் தவிர" என்று நிபந்தனை விதித்தே வரம் தருகிறான். மாமனாருக்குப் பார்வை, அவருக்கு மீண்டும் நாடு, தன் தந்தைக்கு நூறு மைந்தர், சத்தியவான் வழியாகத் தனக்கு நூறு மைந்தர் என்று நான்கு வரங்களை அவள் பெற்றுவிடுகிறாள். ஐந்தாவது வரத்தின்போது யமன் அந்த நிபந்தனையைச் சொல்லவில்லை. அதைக் கவனித்த சாவித்திரி கணவனின் உயிரையே கேட்டுவிடுகிறாள். அடையைப் பற்றி மகாபாரதம் பேசுவதில்லை; காட்டில் கிடைத்த அரிசியையும் காராமணியையும் கொண்டு அவள் அடை செய்து படைத்தாள் என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படுவது. கார் அரிசியில் செய்த அடை என்பதால் காரடை என்று பெயர் வந்ததாகச் சொல்வோரும், காராமணி சேர்வதால் என்று சொல்வோரும் உண்டு. காஞ்சியில் கம்பை நதிக்கரையில் மணலால் லிங்கம் பிடித்து, வெள்ளம் வந்தபோது அதைத் தழுவிக் காத்த காமாட்சியை நினைத்து நோற்கும் குடும்பங்கள், சரடு கட்டிக்கொள்ளும்போது அம்மனையே வேண்டுகின்றன.

மும்பையில் இன்னொரு வசதியும் உண்டு. இது என்ன நோன்பு என்று பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்மணி கேட்டால், "எங்களுடைய வடபௌர்ணிமா" என்று சொன்னால் போதும். ஆனி மாதத்தை ஒட்டி வரும் ஜ்யேஷ்ட பௌர்ணமியில் அவர்கள் ஆலமரத்தைச் சுற்றி நூல் சுற்றுவதும் இதே சாவித்திரியை நினைத்துத்தான். அவர்கள் நூலை மரத்தில் சுற்றுகிறார்கள், நாம் கழுத்தில் கட்டிக்கொள்கிறோம்.

முதல் படி: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

சூரியன் கும்ப ராசியிலிருந்து மீன ராசிக்குள் நுழையும் கணமே மாசி முடிந்து பங்குனி தொடங்கும் கணம்; இதைத்தான் சங்கிரமணம் என்கிறோம். மாசி கழிவதற்குள் சரடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே முறை. "மாசிச் சரடு பாசி படியும்" என்று பெரியவர்கள் சொல்வது, மாசியில் கட்டிய சரடு நெடுங்காலம் நிலைக்கும் என்ற பொருளில்தான்.

இந்த நேரம் ஏன் ஒரு வருடம் விடியற்காலையிலும் மறு வருடம் நண்பகலிலும் வருகிறது என்று புதியவர்கள் குழம்புவார்கள். நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் சூரிய ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம் கொண்டது. ஆகவே ஒவ்வொரு வருடமும் சங்கிரமணம் ஏறத்தாழ 6 மணி நேரம் தள்ளிப்போகிறது. லீப் ஆண்டு வரும்போது ஒரு நாள் பின்னுக்கு இழுக்கப்படுகிறது. இந்த வருடம் காலை ஏழு மணிக்கு வந்தால் அடுத்த வருடம் மதியம் ஒரு மணி வாக்கிலும், அதற்கடுத்த வருடம் மாலையிலும், பிறகு நள்ளிரவிலும் வரும். உங்கள் அலுவலக விடுப்பை இதை வைத்தே திட்டமிடலாம்.

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒரே நேரத்தைத் தருவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் மூன்று விதமான நேரங்களைக் கண்டு திகைக்காமல், உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிரமண நேரம் சென்னைக்கும் மும்பைக்கும் ஒன்றுதான். ஆனால் மும்பையில் சூரிய உதயம் சென்னையைவிட ஏறத்தாழ அரை மணி நேரம் பிந்துவதால், உதயத்தை வைத்து இராகு காலம் கணக்கிடுபவர்கள் உள்ளூர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் நேரம் வரும் ஆண்டுகளில் விழித்திருந்து நோற்கும் வீடுகளும் உண்டு, அன்று மாலையிலேயே முடித்துவிடும் வீடுகளும் உண்டு. இதில் உங்கள் வீட்டு வழக்கமே முடிவானது.

நேரம் தெரிந்தவுடன் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மாவு வறுத்து வைத்திருந்தால், அடை செய்து இலை போடுவதற்கு, புதியவர்களுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்.

இரண்டாம் படி: பொருள்களைச் சேகரியுங்கள்

நோன்புக்கு ஒரு வாரம் முன்பே மாட்டுங்காவில் பண்டார்க்கர் சாலைப் பக்கத்துத் தென்னிந்தியக் கடைகளில் மஞ்சள் சரடும் வாழை இலையும் வந்துவிடும். அவ்வளவு தொலைவு போக இயலாதவர்கள் வெள்ளைப் பருத்தி நூலை வாங்கி, மஞ்சள் குழைத்த நீரில் நனைத்து நிழலில் உலர்த்தினாலே போதும். பூசைக் கடைகளில் விற்கும் சிவப்புக் கயிறு வேறு. அதை இதற்குப் பயன்படுத்துவதில்லை. சரடின் நடுவில் கட்டுவதற்குச் சிறு மஞ்சள் கிழங்குத் துண்டும் ஒரு பூவும் தேவை. பச்சை மஞ்சள் கேட்கும்போது "ஆம்பா ஹள்தி" தந்துவிட்டால் வாங்காதீர்கள். அது மாங்காய் மணம் வீசும் மாஇஞ்சி.

காராமணியை இங்குள்ள மளிகைக் கடையில் "சவ்ளி" என்று கேட்க வேண்டும். வெல்லத்துக்குக் கோலாப்பூர் வெல்லம் நன்றாகவே இருக்கும், ஆனால் நிறம் வெளுப்பாக இருப்பதால் அடையும் வெளுத்தே வரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெண்ணெய் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பாக்கெட்டில் வரும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு கலந்திருக்கும், அது படையலுக்கு ஆகாது. பால் பண்ணைக் கடைகளில் "லோணி" என்று கேட்டால் உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் கிடைக்கும். மார்ச் மாத மும்பை வெயிலில் அது வீடு வருவதற்குள் உருகத் தொடங்கிவிடும், நோன்பின் வேண்டுதலோ "உருகாத வெண்ணெய்" என்றே தொடங்குகிறது. ஆகவே அதைக் கடைசியாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்து, இலை போட்ட பிறகே எடுங்கள்.

மூன்றாம் படி: மாவைத் தயார் செய்யுங்கள்

அடை சரியாக வருவதும் வராததும் இந்தப் படியில்தான் இருக்கிறது. முதல் வருடம் நான் கடையில் கிடைத்த மோதக மாவை, அரிசி மாவுதானே என்று எண்ணி, வறுக்காமல் அப்படியே வெல்லத் தண்ணீரில் கொட்டிவிட்டேன். மோதகத்துக்கு அந்த மாவு அருமையானது; அடைக்கோ அது பசையாகி, இட்லித் தட்டிலிருந்து கரண்டியால் சுரண்டி எடுக்கும்படி ஆயிற்று. சங்கிரமணத்துக்கு நாற்பது நிமிடங்களே இருந்தன என்பது தனிக் கதை.

பச்சரிசியைக் கழுவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்துவிட்டு, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். பிறகு அடி கனமான வாணலியில், மிதமான தீயில், கைவிடாமல் வறுக்க வேண்டும். இலேசாகச் சிவந்து, மணம் எழுந்து, விரல்களால் எடுத்துக் கோலம் இழுத்தால் கோடு அறுபடாமல் விழும் பதமே சரியான பதம். ஆறியதும் கட்டி இல்லாமல் மறுபடி ஒருமுறை சலித்து வைத்தால், இதை இரண்டு நாள் முன்பாகவே முடித்துவிடலாம். கடை மாவுதான் கிடைக்கும் என்றால், அதையும் இதே பதத்துக்கு வறுத்தே பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: அடை செய்யுங்கள்

முதலில் காராமணி. இரண்டு மேசைக்கரண்டி காராமணியை வெறும் வாணலியில் வறுத்து, சில மணி நேரம் ஊறவைத்து, குழையாமல் வேகவைத்துக்கொள்ளுங்கள். உப்பு அடையும் செய்வதாக இருந்தால் அளவை இருமடங்காக்கிக்கொள்ளுங்கள்.

வெல்ல அடைக்கு, வறுத்த மாவு ஒரு கப் என்றால் பொடித்த வெல்லம் ஒரு கப், தண்ணீர் இரண்டு கப். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். பாகு வர வேண்டியதில்லை, கொதித்தால் போதும். அதில் வெந்த காராமணியையும், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காயையும், ஏலப்பொடியையும், ஒரு கரண்டி நெய்யையும் சேர்த்து, தீயைக் குறைத்துவிட்டு, ஒரு கையால் மாவைத் தூவியபடி மறு கையால் கிளறுங்கள். மாவு நீரை எல்லாம் இழுத்துக்கொண்டு உருண்டு திரண்டு வரும்போது இறக்கி, மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும், நெய் தடவிய வாழை இலைத் துண்டில் எலுமிச்சை அளவு உருண்டையை வடை போலத் தட்டி, நடுவில் விரலால் துளையிட்டு, இட்லித் தட்டில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். மேற்பரப்பு பளபளப்பாகத் தெரிந்தால் வெந்துவிட்டது. மோதகம் அவிக்கும் பாத்திரம் வீட்டில் இருந்தால் அது இதற்கு மிகவும் ஏற்றது.

உப்பு அடையும் இதே முறைதான். வெல்லத்துக்குப் பதிலாக, எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, இரண்டு கப் நீர் விட்டு, உப்பும் தேங்காயும் காராமணியும் சேர்த்து, கொதிக்கும்போது மாவைத் தூவிக் கிளற வேண்டும்.

அன்று நோன்பு முடியும் வரை பால், தயிர், மோர் எதையும் தொடாத வழக்கம் பல வீடுகளில் உள்ளது. நேரம் மாலையில் வரும் ஆண்டில், காலைத் தேநீர்கூட இல்லாமல் லோக்கல் ரயிலில் ஏறுவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முழுப் பட்டினி இருக்க முடியாதவர்கள் பழம் சாப்பிடலாம். உடல்நலம் குன்றியவர்களும் கருவுற்றவர்களும் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐந்தாம் படி: இலை போட்டுச் சரடு கட்டிக்கொள்ளுங்கள்

பூசை அலமாரியின் முன் தரையைத் துடைத்து, இழைகோலம் போட்டு, செம்மண் இடுங்கள். விளக்கேற்றிய பின், அம்மனுக்கு ஓர் இலையும் வீட்டிலுள்ள பெண்களுக்கு ஆளுக்கு ஓர் இலையும் போடுங்கள். முழு நுனி இலைகளுக்கு இடமில்லாத அறைகளில் சிறு துண்டு இலைகள் போதும். ஒவ்வோர் இலையிலும் இரண்டு வெல்ல அடை, அதன்மேல் ஓர் உருண்டை வெண்ணெய், வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சளும் பூவும் கட்டிய சரடு ஆகியவற்றை வையுங்கள். அவரவர் இலையின் முன் அமர்ந்து, நீர் சுற்றி நிவேதனம் செய்துவிட்டு, இப்படி வேண்டிக்கொள்வது வழக்கம்:

"உருகாத வெண்ணெயும் ஓரடையும் நான் நூற்றேன், ஒருக்காலும் என் கணவர் என்னைப் பிரியாதிருக்க வேண்டும்."

சொற்கள் வீட்டுக்கு வீடு சிறிது மாறும். "நூற்றேன்" என்பது "நோற்றேன்" என்பதன் பேச்சு வடிவம். திருமணமாகாத பெண்களும் சிறுமிகளும் நல்ல வாழ்வை வேண்டிச் சரடு கட்டிக்கொள்ளலாம். வீட்டில் மூத்த சுமங்கலி இருந்தால் முதலில் அம்மனுக்குச் சாத்திவிட்டு, அவர் தாமும் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்கும் கட்டிவிடுவார். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில் கணவரே கட்டலாம். அவர் அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்தால், நீங்களே கட்டிக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. பிறகு உங்கள் இலையிலுள்ள அடையை வெண்ணெயோடு உண்டு நோன்பை முடியுங்கள். வெல்ல அடைக்கு வெண்ணெய் எதற்கு என்று முதலில் தோன்றும், சூடான அடையில் அது கசியத் தொடங்கும்போது தோன்றாது.

இரண்டு அடைகளைத் தனியாக எடுத்து வைத்து, மறுநாள் பசுவுக்குக் கொடுப்பது வழக்கம். மும்பையில் பசுவுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். பல கோயில்களின் வாசலில், காலையில் புல்கட்டுகளோடு ஒரு பெண்மணி பசுவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு கட்டுப் புல்லுக்கான காசைக் கொடுத்துவிட்டு, புல்லோடு சேர்த்து அடையையும் உங்கள் கையாலேயே ஊட்டலாம். அடை இரவில் இறுகிவிடும் என்பதால், கிளம்புவதற்கு முன் ஒருமுறை ஆவி காட்டிச் சிறு துண்டுகளாகப் பிய்த்து எடுத்துச் செல்லுங்கள்.