குழந்தைக்குக் கத்தரிக்கோல் பழக்குவது எப்படி?

விரலை வெட்டிக்கொள்ளும் என்று பயந்து 6 வயது வரை கத்தரிக்கோலைக் கண்ணிலேயே காட்டாத வீடுகள் உண்டு. அவ்வளவு தள்ளிப்போட வேண்டாம். 3 வயதை ஒட்டித் தொடங்கிவிடலாம். ஒரு கை வெட்டும், மறு கை தாளைப் பிடித்துத் திருப்பும், கண் கோட்டை விடாமல் பார்க்கும். இரண்டு கையும் ஆளுக்கொரு வேலை செய்யப் பழகுவது பின்னால் எழுதும்போதும் பொத்தான் போடும்போதும் உதவும். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

1. முதல் வாரம் கத்தரிக்கோலே வேண்டாம். பழைய தாளைக் கிழிக்கட்டும், களிமண்ணைக் கிள்ளட்டும், துணி கிளிப்பை அழுத்தித் திறக்கட்டும்.

2. முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருவதை வாங்காதீர்கள். தாளை மடக்குமே தவிர வெட்டாது. முனை மழுங்கிய, சின்ன எஃகு அலகு உள்ளதுதான் என் தேர்வு.

3. கெட்டியான அட்டையை விரல் அகலப் பட்டைகளாக நறுக்கிக் கொடுங்கள். மெல்லிய தாள் துவண்டுவிடும். பட்டை என்றால் ஒரே வெட்டில் துண்டு விழும். அது விழும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்! கோடெல்லாம் இப்போது வேண்டாம்.

4. கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். "நேராப் பிடி" என்று நூறு தடவை சொல்லிப் பயனில்லை. கட்டைவிரல் நகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "அது உன்னையே பார்க்கணும்" என்று சொல்லுங்கள். அதுவும் பலிக்கவில்லையா? தாளைச் சுவரில் ஒட்டி, கீழிருந்து மேலாக வெட்டச் சொல்லுங்கள். கை தானாகத் திரும்பும்.

5. அப்புறம் தடித்த நேர்கோடு, வளைவு, வட்டம், கடைசியில் மூலை உள்ள உருவங்கள். வட்டத்துக்கு 4 வயதாவது ஆகட்டும்.

இனி நான் சறுக்கிய இடம். என் வகுப்பில் ஒரு சிறுமி. எந்தத் தாளைக் கொடுத்தாலும் அலகுகளுக்கு நடுவே மடிந்து சிக்கிக்கொள்ளும். கையில் பலமில்லை என்று நினைத்து ஒரு மாதம் களிமண் பிசைய வைத்தேன். ஒருநாள் அவளைப் போலவே அவளுடைய கத்தரிக்கோலை என் இடது கையில் மாட்டிப் பார்த்தேன். எனக்கும் தாள் மடிந்தது!

வலது கையால் அழுத்தும்போது அலகுகள் ஒன்றையொன்று நெருக்கும். அதே கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அழுத்தம் அவற்றை விலக்கும். போதாததற்கு, மேல் அலகு வெட்டும் கோட்டையும் மறைக்கும். இடதுகைக்காரர்களுக்கு அலகு மாற்றிப் பொருத்திய கத்தரிக்கோல் தனியாகவே இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்த அன்றே வெட்டினாள். இரு கைக்கும் ஏற்றது என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். பெரும்பாலும் பிடி மட்டும்தான் பொது, அலகு வலதுகைக்காரருக்கானதுதான்.

வட்டம் வெட்டும்போது வலதுகைப் பிள்ளை இடஞ்சுழியாகவும் இடதுகைப் பிள்ளை வலஞ்சுழியாகவும் போனால் கோடு கண்ணுக்குத் தெரியும்.

பின்சேர்க்கை: "எங்கள் பிள்ளை கையை மாற்றி மாற்றிப் பிடிக்கிறான், எதை வாங்குவது?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். 3 வயதில் இது சகஜம். கிளிப்பையோ கிரேயானையோ அவனுக்கு நேர் நடுவில் வைத்து, எந்தக் கை நீள்கிறது என்று சில நாள் கவனியுங்கள். அதுவரை இரண்டு வகையும் மேசையில் கிடக்கட்டும்.